மோட்டாரை மாற்றும் முன் கதவைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: செம்பூரில் இருக்கிறேன் அண்ணாச்சி. வேலை வாஷியில், தினமும் காரில்தான் போய்வருகிறேன். 11 வருடம் ஓடிய சின்ன வண்டி. நாலு கதவிலும் பவர் விண்டோ. எனக்குப் பக்கத்து ஸீட் கண்ணாடி போன மழைக்காலத்திலிருந்தே திணறித் திணறித்தான் ஏறியது. போன வாரம் பாதியில் இறங்கி நின்றுவிட்டது. அந்தக் கதவு ஸ்விட்சை அமுக்கினாலும் என் பக்கத்து ஸ்விட்சை அமுக்கினாலும் அசையவில்லை, சத்தமும் இல்லை. கதவை ஓங்கிச் சாத்தினால் எப்போதாவது ஒரு தடவை நகர்கிறது. சர்வீஸ் சென்டரில், மோட்டார் போய்விட்டது, ரெகுலேட்டரோடு (கண்ணாடியைத் தூக்கி இறக்கும் அமைப்பு) செட்டாக மாற்ற 7,800 ரூபாய் என்கிறார்கள். மற்ற மூன்றுக்கும் இதே வயசுதான், சேர்த்தே மாற்றிவிடுங்கள் என்றும் சொன்னார்கள். எங்கள் காலனி வாசலில் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் 900 ரூபாய்க்கு மோட்டாரைக் கழற்றி ரிப்பேர் பண்ணித் தருகிறேன் என்கிறார். ரிப்பேர் செய்த மோட்டார் நிற்குமா? பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகன் ‘நானே கழற்றுகிறேன்’ என்று குதிக்கிறான். விடலாமா?

பதில்: அம்மா, 7,800 ரூபாயை இப்போது எடுக்காதீர்கள். 900 ரூபாயையும் எடுக்காதீர்கள். இரண்டு பேருமே கதவைத் திறந்து பார்க்காமல் விலை சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் பெரிய விலை, இன்னொருவர் சின்ன விலை, அவ்வளவுதான் வித்தியாசம். மோட்டார் போய்விட்டது என்று இன்னும் யாரும் உறுதி செய்யவில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி, கதவை ஓங்கிச் சாத்தினால் ஒரு தடவை நகர்கிறது என்பது. உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி, அதாவது காயில், கருகிய மோட்டார் கதவைச் சாத்தினால் உயிர் பிழைக்காது. அதிர்ச்சி கொடுத்தால் ஓடுகிறது என்றால் எங்கேயோ ஒரு தொடுப்பு விட்டுவிட்டுச் சேர்கிறது. அந்த இடம் மோட்டாருக்குள் சுற்றும் பாகத்தைத் தொட்டுக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டாக இருக்கலாம். கதவுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் போகும் வயராக இருக்கலாம். வயர்கள் செருகிச் சேரும் கப்ளரிலோ ஸ்விட்சிலோ பிடித்த பச்சைக் களிம்பாக இருக்கலாம். இதில் ஒன்றுதான் மோட்டாருக்குள் இருக்கிறது. மற்றதில் எது என்றாலும் புது மோட்டார் போட்ட அடுத்த வாரம் நீங்கள் மறுபடி அதே சர்வீஸ் சென்டர் வரிசையில் நிற்பீர்கள்.

முதலில் செலவில்லாத சோதனைகள். டிரைவர் கதவில் ஜன்னல் பூட்டும் பட்டன் ஒன்று இருக்கும், குழந்தைகள் பின்னால் விளையாடாமல் இருப்பதற்காக வைத்தது. அது அமுங்கியிருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள்; அந்தப் பட்டனை மட்டும் எடுத்துவிட்டு, காசு வாங்க மனமில்லாமல் அனுப்பிய வண்டிகள் உண்டு. உங்களுக்கு இரண்டு ஸ்விட்சிலும் வேலை செய்யவில்லை என்பதால் அது இல்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ராத்திரியில் செய்ய வேண்டியது. எஞ்சின் ஓட வேண்டாம், சாவியை இக்னிஷனில் வையுங்கள், கூரை விளக்கைப் போடுங்கள். அந்த ஜன்னல் ஸ்விட்சை மேலே இழுத்துப் பிடித்தபடி விளக்கைப் பாருங்கள். வெளிச்சம் லேசாக மங்கினால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, ஆனால் சுற்ற முடியாமல் எங்கோ இறுகி நிற்கிறது என்று பொருள். விளக்கு அசையவே இல்லையென்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. உங்கள் விவரத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

பிறகு கதவைத் திறந்து வைத்து, ஒருவர் ஸ்விட்சை இழுத்துப் பிடித்திருக்க, இன்னொருவர் கதவை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். கண்ணாடிக்குப் பக்கத்தில் யார் விரலும் இருக்கக் கூடாது. நின்றது திடீரென்று ஓடும். அசைக்கும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் மோட்டார் துடித்தால் குற்றவாளி கீலுக்குப் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் இருக்கும் வயர். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அங்கே வயர் மடங்குகிறது. வருடக்கணக்கில் மடங்கிய செம்பு உள்ளே அறுந்து, மேல் பிளாஸ்டிக் மட்டும் முழுசாக நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதைச் சரிசெய்ய, ரப்பர் குழாய்க்கு வெளியே நல்ல நீளமுள்ள இடத்தில் வெட்டிப் புது வயர் துண்டு கொடுத்து, சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஸ்லீவ் போட வேண்டும். அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றிக் கொடுப்பவரை நம்பாதீர்கள். மடங்குகிற இடத்தில் முடிச்சு வந்தால் மூன்று மாதம் தாங்காது.

வயர் இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டு, ஸ்விட்சை இழுத்துப் பிடித்தபடியே கதவின் உள்பக்கம், ஸ்பீக்கருக்குக் கொஞ்சம் மேலே பின்பக்கமாக, கை முஷ்டியால் நாலு தட்டுத் தட்டுங்கள். மோட்டார் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். தட்டும்போது கண்ணாடி ஏறினால் கார்பன் தேய்ந்திருக்கிறது, இல்லை சிக்கியிருக்கிறது. ஏறிவிட்டால் ஏறினபடியே விட்டுவிடுங்கள். இன்னொரு தடவை இறங்குகிறதா என்று ஆசைக்குப் பார்த்துவிட்டு மழையில் நனைய வேண்டாம்.

இந்த இரண்டிலும் பிடிபடவில்லை என்றால் உங்கள் பக்கத்து மாஸ்டர் ஸ்விட்சைச் சந்தேகியுங்கள். நிறைய வண்டிகளில் பக்கத்து ஸீட் மோட்டாரின் எர்த், அதாவது கரண்ட் திரும்பும் வழி, டிரைவர் கதவு ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. இங்கே ஒரு காண்டாக்ட் கறுத்தால் அங்கே இரண்டு ஸ்விட்சும் செத்த மாதிரி இருக்கும். மழையில் டோல் நாக்காவில் கண்ணாடியை இறக்கிக் காசு நீட்டிய காலமெல்லாம் உங்கள் வண்டியும் பார்த்திருக்கும். அப்போது சொட்டிய தண்ணீர் முழுக்க அந்த ஸ்விட்சின் தலையில்தான் விழுந்தது. தாணே கழிமுகப் பாலத்தை தினம் இரண்டு முறை தாண்டுகிறீர்கள், உப்புக் காற்றுக்கும் குறைவில்லை. ஸ்விட்சைக் கழற்றி காண்டாக்ட் கிளீனர் அடித்து நாலைந்து தடவை அமுக்கி எடுத்தாலே பாதி நேரம் சரியாகிவிடும்.

இதையெல்லாம் தாண்டிய பிறகுதான் கதவின் உள்பலகையை, நாங்கள் டோர் பேட் என்போம், கழற்ற வேண்டும். கழற்றியதும் மோட்டாரின் கப்ளரை எடுத்து அதற்கு வரும் கரண்டைப் பார்க்க வேண்டும். உங்கள் மகனிடம் மல்டிமீட்டர் இருக்கும், பாலிடெக்னிக் பையன்கள் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் இங்கே மீட்டர் ஏமாற்றும். வயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். மோட்டார் இழுக்கும் கரண்டை அந்த இழை தாங்காது. பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்று, 21 வாட், இரண்டு வயர் சேர்த்து கப்ளரில் செருகி ஸ்விட்சை அமுக்கச் சொல்லுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் வயரும் ஸ்விட்சும் நல்லவை, கோளாறு மோட்டாரில். மங்கலாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ மோட்டாரைத் தொடாதீர்கள், வயரைத் தேடுங்கள். மேலே இழுக்கும்போதும் கீழே அமுக்கும்போதும் இரண்டு தடவை பாருங்கள். ஒரே மோட்டார்தான், கரண்டின் ப்ளஸ் மைனஸ் மாறினால் சுற்றும் திசை மாறும். அதனால் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும் கோளாறு ஏறக்குறைய எப்போதும் ஸ்விட்ச் கோளாறுதான்.

மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. கப்ளரில் இரண்டு வயர் மட்டும் உள்ள மோட்டாருக்கு, நடுவில் 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை வைத்துக் கொடுக்கலாம். ஐந்தாறு வயர் போனால் அதற்குள் எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது, விரல் சிக்கினால் கண்ணாடி தானாக இறங்கும் வகை. அதற்கு நேர்க் கரண்ட் கொடுத்தால் போர்டு போய்விடும். அப்புறம் 7,800 என்பது சலுகை விலை போலத் தெரியும்.

சரி, கோளாறு மோட்டாரில்தான் என்று தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம். இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன்: ரிப்பேர் செய்த மோட்டார் நிற்குமா?

நிற்கும், உள்ளே என்ன கெட்டது என்பதைப் பொறுத்து. அதிகம் ஒன்றும் இல்லை அதற்குள். இரும்புக் குவளை, அதன் உள்சுவரில் ஒட்டிய இரண்டு காந்தம், நடுவில் செம்புக் கம்பி சுற்றிய, சுழலும் ஆர்மேச்சர், ஆர்மேச்சரின் நுனியில் செம்புப் பட்டைகள் கொண்ட கம்யூட்டேட்டர், அதை இரண்டு பக்கமும் ஸ்பிரிங் அழுத்தத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் கார்பன். தண்டின் மறுமுனையில் திருகு போன்ற வார்ம், அது சுற்றும் பிளாஸ்டிக் பல்சக்கரம். இந்த வார்ம் இருப்பதால்தான் மோட்டார் நின்றிருக்கும்போது கண்ணாடியைக் கையால் அழுத்தினாலும் அது கீழே போவதில்லை. உங்கள் கண்ணாடி பாதியில் நிற்கிறது, கதவுக்குள் விழவில்லை. ஆகவே கேபிளும் கண்ணாடிப் பிடிப்பும் நல்லபடியாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடி தொபுக்கென்று உள்ளே விழுந்திருந்தால், அல்லது மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையாமல் இருந்திருந்தால், ரெகுலேட்டர் மாற்றச் சொல்லியிருப்பேன், மோட்டாரை அப்படியே வைத்துக்கொண்டு.

முக்கியமாகத் தேய்கிற பொருள் கார்பன்தான். அது தேயத்தான் செய்யும், அதற்காகத்தான் அங்கே வைத்திருக்கிறார்கள். தேய்ந்த தூள் கம்யூட்டேட்டரின் பள்ளங்களில் அடைகிறது, கிரீஸோடு சேர்ந்து கறுப்புப் பசையாகிறது. இதற்கு மேல் மழை ஈரம் வந்து துருப்பிடித்தால் கார்பன் தன் கூட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும், ஸ்பிரிங்கால் தள்ள முடியாது. உங்களுடையது இந்த நிலையில் இருக்கும் என்பது என் ஊகம். போன மழையிலிருந்தே திணறியது என்கிறீர்களே, அது ஊகத்துக்குப் பலம் சேர்க்கிறது. இந்த மோட்டாரைத் தூக்கிப் போடுவது, சொல்லப்போனால், பென்சில் முனை மழுங்கியதற்காகப் பென்சிலையே வீசுவதுதான்.

கழற்றுவதைப் பற்றி மகனிடம் சொல்லுங்கள். பேட்டரி மைனஸை முதலில் எடுக்க வேண்டும். கதவுக்குள் ஏர்பேக் சென்சார் இருக்கும் வண்டியாக இருந்தால் அந்தப் பக்கம் கையே வைக்க வேண்டாம், கடைக்கு எடுத்துப் போங்கள். கண்ணாடியை முடிந்தவரை மேலே தூக்கி, பிரேமோடு சேர்த்து அகலமான டேப்பால் இரண்டு மூன்று இடத்தில் கட்டிவிட வேண்டும். கையுறை அவசியம், கதவு தகட்டின் உள் விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும். இதைவிட முக்கியம் ரெகுலேட்டர் என்ன வகை என்பது. கேபிள் வகையில் மோட்டாரைப் பிரிக்கும்போது கேபிள் சுற்றிய உருளை எகிறினால், மறுபடி சுற்றி வைப்பதற்குள் பையன் பரீட்சைக்கே போய்விட்டு வரலாம். உருளையை முதலில் கேபிள் டையால் கட்டிவிடச் சொல்லுங்கள். கத்தரிக்கோல் வகையில் ஆபத்து வேறு. அதில் கண்ணாடியின் எடையைச் சமன்செய்ய ஒரு முரட்டு ஸ்பிரிங் சுருண்டிருக்கும். மோட்டாரை எடுத்த நொடி ரெகுலேட்டரின் பல்தகடு பிடிப்பில்லாமல் சுழன்றடிக்கும், விரல் போய்விடும். மோட்டாரை எடுக்கும் முன் ரெகுலேட்டரின் இரும்புக் கைகளை போல்ட் போட்டோ கிளாம்ப் போட்டோ கட்ட வேண்டும். கட்டத் தெரியாதவர் தொட வேண்டாம். படித்த பையன், புரிந்துகொள்வான்.

மோட்டார் கைக்கு வந்ததும், குவளைக்கும் கியர் பெட்டிக்கும் குறுக்கே மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுத் திறக்கவும். காந்தங்களைத் திருப்பிப் போட்டால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். தண்டின் நுனியில் சின்ன இரும்புக் குண்டோ பிளாஸ்டிக் பொத்தானோ இருந்தால் அது எங்கே இருந்தது என்று பார்த்து வைக்க வேண்டும், பாதிப் பேர் தொலைப்பது அதைத்தான். ஆர்மேச்சரை இழுக்கும்போது கார்பன்கள் ஸ்பிரிங் வேகத்தில் வெளியே பாயும். ஒரு வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வேலை செய்தால் தேட வேண்டியதில்லை.

முதலில் மூக்கால் பாருங்கள். கருகிய வார்னிஷ் வாடை அடித்து, செம்புக் கம்பிகள் கறுத்திருந்தால் மூடிவிடுங்கள், அது முடிந்த கதை. இந்தச் சின்ன ஆர்மேச்சருக்குப் புதுக் கம்பி சுற்றி ரீவைண்டிங் செய்வது கூலிக்குக் கட்டாது. காந்தம் விண்டிருந்தாலும் அப்படித்தான். வாடை இல்லை, கம்பி செந்நிறமாக இருக்கிறது என்றால் மீட்டரை எடுக்கலாம். கம்யூட்டேட்டரின் அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையே சுற்றிவர ஒரே மாதிரி ரீடிங் வர வேண்டும். எந்தப் பட்டைக்கும் தண்டுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இரண்டும் சரி என்றால் அந்த மோட்டார் பிழைத்தது.

சுத்தம் செய்ய மெல்லிய உப்புத்தாள் போதும். கறுப்பு எமரி வேண்டாம். அதன் துகள் பள்ளத்தில் தங்கினால் இரண்டு பட்டையை இணைத்து ஷார்ட் ஆக்கும். பட்டைகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களை மரப் பல்குத்தியால் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் செம்பு பளபளக்கும். கார்பன் கூட்டின் உள்பக்கத்தையும் அதே மாதிரி துடைத்து, கார்பன் தன் எடைக்கே வழுக்கி இறங்குகிறதா பார்க்கவும். இறங்கினால், இன்னும் நீளமும் மிச்சம் இருந்தால், பழைய கார்பனே போதும்.

குட்டையாகிவிட்டது என்றால் மாற்ற வேண்டும், இங்கேதான் நிறையப் பேர் காரியத்தைக் கெடுக்கிறார்கள். டிரில் மெஷின் கார்பனை வாங்கி அரம் போட்டுச் சின்னதாக்கிச் செருகிவிடுகிறார்கள். அளவு சரியாக வரும், மோட்டாரும் அன்றைக்கு ஓடும். ஆனால் 230 வோல்ட்டுக்குச் செய்த கார்பன் அது, கரண்டுக்கு அதிகத் தடை கொடுக்கும். 12 வோல்ட் மோட்டாரின் கார்பனில் செம்பு கலந்திருக்கும். உடைத்துப் பார்த்தால் செம்பின் மினுக்கம் தெரியும். தப்பான கார்பன் போட்ட மோட்டார் பலமில்லாமல் ஏறும், சூடாகும், ஆறு மாதத்தில் கம்யூட்டேட்டரைத் தின்றுவிடும். ரிப்பேர் செய்த மோட்டார் நிற்காது என்ற கெட்ட பெயர் பெரும்பாலும் இந்த மாதிரி வேலையால் வந்ததுதான். உங்கள் காலனி எலக்ட்ரீஷியனிடம் “கார்பன் எங்கிருந்து எடுத்துப் போடுவீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். “கார் மோட்டார் கார்பன்தான், செம்பு கலந்தது” என்றால் 900 ரூபாய் நியாயம். “எதையாவது போட்டு ஓட வைத்துவிடுவேன்” என்றால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொன்றையும் அவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்குள் சூடு ஏறினால் கரண்டைத் துண்டிக்கும் சின்னத் தகடு ஒன்று இருக்கும். விளையாட்டாக ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால் கண்ணாடி நின்றுவிட்டு, சில நிமிடம் கழித்து மறுபடி வேலை செய்வது இதனால்தான். அது கோளாறு இல்லை, காவல். அந்தத் தகட்டில் கறை பிடித்தால் சுத்தம் செய்யலாம். ஒரு வயர் துண்டை வைத்து அதைத் தாண்டிப் போட்டுவிடும் ‘ஜுகாட்’, அதாவது ஒப்பேற்று வேலை, இந்த ஊரில் நடக்கிறது. கண்ணாடி எங்காவது சிக்கி மோட்டார் சுற்ற முடியாமல் நின்றால், சாதாரணமாக ஐந்தாறு ஆம்பியர் இழுப்பது அதைப் போல மூன்று நாலு மடங்கு இழுக்கும். நிறுத்த ஆளில்லை. கதவுக்குள் புகை வரும். 20 ஆம்பியர் ஃபியூஸ் எரிகிறது என்று 30 போடுவதும் இதே ரகம்.

மூடும்போது பல்சக்கரத்தின் காய்ந்த கிரீஸைத் துடைத்துவிட்டு பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் லித்தியம் கிரீஸ் கொஞ்சமாக வைக்கவும். கார்பன் பக்கம் ஒரு துளிகூடப் போகக் கூடாது. குவளை சேரும் இடத்தில் மெல்லிய சிலிக்கான் சீலண்ட் ஒரு கோடு இழுத்தால் மழைக்கு நல்லது.

இவ்வளவும் செய்து மாட்டிவிட்டு, மோட்டாரைக் கொன்றது எது என்று பார்க்காமல் விட்டால் எல்லாம் வீண். புது மோட்டார் போட்டாலும் இதேதான். உங்கள் கண்ணாடி ஒரு வருடம் திணறியிருக்கிறது. கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் தடத்தில், பீடிங் என்பார்கள், செம்பூர் சாலைத் தூசும் கட்டட வேலைச் சிமெண்டும் ஏறி, ரப்பர் காய்ந்து, கண்ணாடியைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. மோட்டார் ஒவ்வொரு தடவையும் அந்தப் பிடிக்கு எதிராக இழுத்திருக்கிறது. ஈரத் துணியை ஒரு மெல்லிய பட்டியில் சுற்றி அந்தத் தடத்தை மேலிருந்து கீழ்வரை துடையுங்கள். வருகிற கறுப்பைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். காய்ந்ததும் சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். எண்ணெய், கிரீஸ், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். ரப்பரை ஊத வைக்கும், தூசியை இன்னும் அதிகம் பிடிக்கும். நாலு கதவுக்கும் செய்யுங்கள். மழைக்கு முன் மே மாதம் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை போதும்.

இரண்டாவது கொலையாளி தண்ணீர். கண்ணாடியோரம் வழியும் மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், அப்படித்தான் கதவைச் செய்திருக்கிறார்கள். கதவின் அடி விளிம்பில் உள்ள துளைகள் வழியாக அது வெளியேற வேண்டும். அந்தத் துளைகள் மண்ணால் அடைத்துக்கொண்டால் கதவு தொட்டியாகிவிடும். கதவை அசைக்கும்போது தளும்பும் சத்தம் கேட்டால் உடனே ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டையும் கவனியுங்கள். அவசரக்காரர்கள் அதைக் கிழித்து எறிந்துவிடுவார்கள், ‘வேண்டாத பொருள்’ என்று. அது போனால் ஈரம் டோர் பேடுக்கும் ஸ்பீக்கருக்கும் வரும், வண்டிக்குள் பூஞ்சை வாடை அடிக்கும். பியூட்டைல் டேப் வாங்கி அதை மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். மோட்டாருக்குப் போகும் வயர் கப்ளரைவிடக் கொஞ்சம் தாழ்ந்து தொங்கிப் பிறகு மேலேறிச் சேரும்படி விட்டால், வயரில் வழியும் தண்ணீர் கப்ளருக்குள் போகாமல் அடியிலேயே சொட்டிவிடும். காசில்லாத வேலை இது, செய்கிறவர்கள் குறைவு.

மோட்டார் உண்மையாகவே கருகியிருந்தால் என்ன செய்வது? அப்போதும் செட்டாக வாங்க வேண்டும் என்பதில்லை. ரெகுலேட்டர் நன்றாக இருந்தால் மோட்டாரை மட்டும் தனியாகத் தரும் கடைகள் உண்டு. குர்லாவிலிருந்து கலினா போகும் சி.எஸ்.டி. ரோட்டில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய மோட்டார்கள் கிடைக்கும். பழைய மோட்டாரைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். இடது கதவுக்கும் வலது கதவுக்கும் பெரும்பாலும் மோட்டார் வேறு; கப்ளரும் போல்ட் துளைகளின் இடைவெளியும் வண்டிக்கு வண்டி மாறும். அங்கேயே ஒரு பேட்டரியில் மாட்டி இரண்டு பக்கமும் சுற்ற வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும். குலுக்கிப் பாருங்கள், உள்ளே கடகடவென்றால் காந்தம் கழன்றிருக்கிறது. தண்டு வரும் இடத்தில் செம்மண் நிறத்தில் துருக்கோடு இருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியுடையதாக இருக்கலாம், இந்த ஊரில் அப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பஞ்சமில்லை, தொடாதீர்கள்.

எந்த வழியில் போனாலும் மழை முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். கண்ணாடி திறந்து நின்றால் தண்ணீர் வரும், திருட்டுப் பயம், அவ்வளவுதான் என்று நினைப்பீர்கள். ஏறி நின்று இறங்காத கண்ணாடி அதைவிட மோசம், அதை யாரும் கோளாறாகவே எடுப்பதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. அன்று தண்ணீர் சூழ்ந்த காருக்குள் கதவும் திறக்காமல் கண்ணாடியும் இறங்காமல் மாட்டி உயிர்விட்டவர்கள் உண்டு. தண்ணீர் தேங்கிய சாலையில் மாட்டிக்கொண்டால் கரண்ட் இருக்கும்போதே ஒரு கண்ணாடியை இறக்கிவிடுங்கள். அதனால் நாலு ஜன்னலும் இறங்குகிறதா என்பதையும் மழைக்கு முன் பார்த்து வைக்க வேண்டும், ஏறுகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதாது.

அதுவரை இந்தக் கண்ணாடியை ஏற்ற ஒரு வழி: ஒருவர் ஸ்விட்சை இழுத்துப் பிடிக்க, மற்றவர் வெளியே நின்று கண்ணாடியின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து அழுத்தி மேலே தள்ள, மூன்றாவது ஆள் கதவைத் தட்ட வேண்டும். ஏறியதும் டேப் போட்டு ஒட்டிவிட்டு, அந்த ஜன்னலுக்குத் தனி ஃபியூஸ் இருந்தால் உருவி வையுங்கள். யாராவது மறந்துபோய் அமுக்கிவிடுவார்கள்.

மகனை விடலாமா என்றால், சோதனைகள் எல்லாவற்றையும் அவனே செய்யட்டும். கேபிள் ரெகுலேட்டர், இரண்டு வயர் மோட்டார், ஏர்பேக் சென்சார் இல்லாத கதவு என்றால் கழற்றுவதும் அவனே செய்யலாம், ஞாயிற்றுக்கிழமை காலையில், மழையில்லாத நாளாகப் பார்த்து. டோர் பேடின் கிளிப்புகள் இரண்டு மூன்று உடையும், முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவன் உடைத்துவிட்டானே என்று திட்டாதீர்கள், நாங்களும் உடைப்போம். மாட்டிய பிறகு பேட்டரி இணைத்ததும் ஒரே தொடுதலில் ஏறும் ஜன்னல் அப்படி ஏறாமல் விட்டுவிட்டு ஏறலாம்; பல வண்டிகளில் முழுசாக ஏற்றி ஸ்விட்சைச் சில நொடி இழுத்தே பிடித்திருந்தால் அதற்குப் பழைய நினைவு வந்துவிடும். உங்கள் வண்டிக்கான முறை கையேட்டில் இருக்கும்.

கடைசியாக, மற்ற மூன்று மோட்டார்கள். வயசு ஒன்றாக இருக்கலாம், உழைப்பு ஒன்றில்லை. பின் கதவுக் கண்ணாடிகளை நீங்கள் தனியாக ஓட்டும் வண்டியில் மாதத்துக்கு எத்தனை தடவை இறக்குவீர்கள்? அவற்றின் கார்பன் புதுசாகவே இருக்கும். அவற்றுக்குத் தேவை ஈரத் துணியும் சிலிக்கான் ஸ்ப்ரேயும். டிரைவர் பக்கத்தை மட்டும் கவனியுங்கள், அதுதான் அதிகம் உழைத்தது; ஏறும் வேகம் குறைந்தால் கார்பனைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கடையில் எதை மாற்றினாலும் பழைய பொருளைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள் அம்மா. உங்கள் பையன் திறந்து பார்க்கட்டும்.